பாட்டி வளர்த்த பிள்ளைகள்

விழா மலர் என்றால் கோயிலுக்கு அடிக்கல் நாட்டிய ஆண்டும், மணிக்கூண்டு எழும்பிய ஆண்டும், இங்கே பணியாற்றிச் சென்ற குருக்களின் வரிசையும் அதில் இருக்கும். அவற்றை எழுதத் தகுதியுள்ளவர்கள் இம்மலரின் மற்றப் பக்கங்களில் நன்றாகவே எழுதியிருக்கிறார்கள். எனக்கு ஒதுக்கப்பட்ட பக்கங்களில், எந்தக் கல்வெட்டிலும் ஏறாத ஒரு சரித்திரத்தை எழுதலாம் என்று எண்ணினேன். நம் கரிசல் சீமையின் வீடுகளில் பேரப்பிள்ளைகளை வளர்த்தெடுத்த பாட்டிமார், பாட்டனார்களின் சரித்திரம் அது. அவர்கள் எப்படி வளர்த்தார்கள் என்பதைவிட, ஊரும் அரசும் திருச்சபையும் அதை எந்தக் கண்ணால் பார்த்தன, அந்தப் பார்வை எவ்வாறு மாறி வந்தது என்பதே இங்கு என் கேள்வி. "பிள்ளையைப் பாட்டிதான் வளர்க்கிறாள்" என்று எண்பது ஆண்டுகளுக்கு முன் யாராவது சொல்லியிருந்தால், அதில் என்ன விசேஷம் என்று கேட்டிருப்பார்கள். நாற்பது ஆண்டுகளுக்கு முன் அதே வார்த்தையைச் சொன்னால் அது ஒரு குறையாகக் காதில் விழுந்தது. இன்றோ அதைப் பெருமையாகச் சொல்கிறார்கள். பெருமையாகச் சொல்லப்படும் இந்தக் காலத்தில்தான் எனக்குக் கவலை அதிகமாகிறது. அதற்குக் காரணம் பின்னால் வரும்.

முதலில் ஒரு மயக்கத்தைத் தெளிவித்துக்கொள்வது நல்லது. அந்தக் காலத்தில் வீட்டுக்கு வீடு தாத்தாவும் பாட்டியும் திண்ணையில் அமர்ந்து பேரப்பிள்ளைகளுக்குக் கதை சொன்னார்கள் என்று மேடைகளில் பேசுகிறோம். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. 1941 முதல் 1951 வரையிலான பத்தாண்டில் இந்தியரின் சராசரி ஆயுள் சுமார் 32 ஆண்டுகளே. கைக்குழந்தைகள் ஏராளமாக இறந்ததால் அந்தச் சராசரி அவ்வளவு தாழ்ந்திருந்தது என்பது உண்மைதான். ஆயினும் வளர்ந்து ஆளானவர்களிலும் பலர் பேரன் முகம் காணும் முன்பே போய்ச் சேர்ந்தார்கள். 1970-75 காலத்தில் அது 49.7 ஆக உயர்ந்தது. 2016-20 காலத்தில் 70 ஆயிற்று. ஆகவே பேரப்பிள்ளையை வளர்க்கும் பாட்டி என்பவள் நம் கொள்ளுத்தாத்தா காலத்தைவிட நம் காலத்தில்தான் அதிகம். பழைய நாளில் வீட்டில் ஒரு கிழவி உயிரோடிருந்தால் அது அந்த வீட்டுக்கு வாய்த்த பாக்கியம். பிரசவத்தில் தாய் இறந்தால் பிள்ளைக்கு அவள்தான் தாய்.

கரிசல் நிலத்தின் விவசாயத்தை எண்ணிப் பாருங்கள். ஆண்டு முழுவதற்கும் எழுநூறு மில்லிமீட்டரை ஒட்டிய மழை. அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டிவிடும். மழை விழுந்து மண் ஈரம் பிடித்தவுடன் விதைத்தாக வேண்டும். இரண்டு நாள் தாமதித்தால் பூமி இறுகிவிடும். கம்பு, சோளம், குதிரைவாலி, உளுந்து, மல்லி, மிளகாய், எல்லாவற்றுக்கும் மேலாகக் கருங்கண்ணிப் பருத்தி. விதைப்பிலும் களையெடுப்பிலும் மாசி, பங்குனியில் பருத்தி எடுக்கும் நாள்களிலும் கை உள்ள பெண் ஒருத்தியும் வீட்டில் இருக்கமாட்டாள். காட்டு ஓரத்து வேம்பில் சேலையைக் கட்டித் தூளி போட்டு, காதில் பாம்படம் ஆட ஒரு கிழவி அதை ஆட்டிக்கொண்டிருப்பாள். பால் குடிக்கும் நேரத்தில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நிரையில் நிற்கும் மகளிடமோ மருமகளிடமோ போவாள். இதற்கு 'உதவி' என்று யாரும் பெயர் வைக்கவில்லை. அது வேலைப் பங்கீடு. நடக்க முடிந்தவர் நிரைக்கு, நடக்க முடியாதவர் தூளிக்கு. பாட்டனாரோ, சற்று வளர்ந்த பேரனை ஆட்டுக்குப் பின்னால் அழைத்துக்கொண்டு போய்விடுவார். பெயரன் என்ற சொல்லுக்கே பாட்டனின் பெயரைத் தாங்குபவன் என்றுதானே பொருள் சொல்கிறோம். முதற்பேறு தாய் வீட்டில் என்பதும் இந்த ஏற்பாட்டின் ஒரு பகுதியே. அதனால் பிள்ளையின் முதல் சில மாதங்கள் அம்மா வழிப் பாட்டியின் கையிலும், பிறகு அப்பா வழிப் பாட்டியின் கையிலும் கழிந்தன.

இடைசெவலில் பிறந்த கி. ராஜநாராயணன் 1976-ல் வெளியிட்ட 'கோபல்ல கிராமம்' நாவலை நம் இளைஞர்கள் படித்திருப்பார்கள். அதில் ஒரு ஊரின் பூர்வ கதையை எடுத்துச் சொல்பவள் மங்கத்தாயாரு அம்மாள் என்னும் நூறு வயது கடந்த முதுகிழவி. வேறொரு சீமையின் எழுத்தாளரானால் அந்தப் பொறுப்பை ஊர்த் தலைவரிடமோ புலவரிடமோ ஒப்படைத்திருக்கலாம். கரிசல்காரர் பூட்டியிடம் ஒப்படைத்தார்.

ஆனால் நம் சரித்திரம் முழுவதும் தூளி ஆட்டிய சரித்திரமாக இருக்கவில்லை. 1876-ல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சத்தைப் பற்றி நம் பெரியவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்திருக்கிறார்கள். அதே காலத்தையொட்டி மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு ரயில் வந்தது; தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குக் கப்பல் இருந்தது. கங்காணிமார் ஆள் சேர்த்துக்கொண்டு போனார்கள். போனவர்கள் சிலர் பிள்ளைகளைக் கிழவியிடம் விட்டுப் போனார்கள். பலர் குடும்பத்தோடு போனார்கள். அங்கே தேயிலைத் தோட்டங்களில் 'பிள்ளை மடுவம்' என்று ஒரு கொட்டகை உண்டு. தாய்மார் கொழுந்து பறிக்க மலை ஏறியபின், பறிக்க இயலாத முதிய பெண் ஒருத்தி அங்கே பிள்ளைகளைக் காப்பாள். துரைமார் கணக்கில் அவளுக்கும் ஒரு பேர் இருந்தது, சம்பளமும் இருந்தது. நம் வேப்பமரத்தடியில் இலவசமாகச் செய்த வேலைக்குக் கடல் கடந்த இடத்தில் கூலி உண்டு என்பதை அப்போதே ஒருவரும் யோசிக்கவில்லை போலும்.

இனித் திருச்சபையின் பார்வைக்கு வருவோம். 1773-ல் இயேசு சபை கலைக்கப்பட்டது முதல் 1838-ல் மதுரை மிஷனுக்கு மீண்டும் அச்சபைக் குருக்கள் வரும் வரையில், காமநாயக்கன்பட்டி போன்ற பழைய விசுவாசத் தலங்களைச் சுற்றியிருந்த கிராமங்களுக்குக் குருவானவர் வருவது அரிதாயிருந்தது. உபதேசியார் இருந்த ஊரில் அவர் ஓதுவித்தார். இல்லாத ஊரில் பரலோக மந்திரமும் அருள்நிறை மந்திரமும் விசுவாச மந்திரமும் வீட்டுக் கிழவிகளின் வாயிலிருந்தே பிள்ளைகளின் காதுக்குப் போயின. எழுத்து வாசனை அறியாத பாட்டி குறிப்பிடத்தின் கேள்வி பதில்களை வரி பிசகாமல் ஒப்பித்ததைக் கேட்டவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். புனித பவுல் திமொத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் திருமுகத்தின் தொடக்கத்திலேயே, அவருடைய பாட்டி லோயியின் விசுவாசத்தைப் பேர் சொல்லிக் குறிப்பிடுகிறார். அதை நாம் வாசிக்கும்போதெல்லாம் வேகமாகக் கடந்துபோய்விடுகிறோம்.

ஞானஸ்நானத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1917-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம், குழந்தைக்குக் கூடிய விரைவில் திருமுழுக்குக் கொடுக்க வேண்டுமென்றது. பிறந்த சில நாள்களிலேயே கொடுத்துவிடுவார்கள். பிள்ளை பெற்றவள் தீட்டும் பத்தியமுமாக வீட்டில் கிடப்பாள். குழந்தையைக் கோயிலுக்குத் தூக்கி வந்தவர்கள் பாட்டியும் ஞானப்பெற்றோரும்தாம். இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு, 1969-ல் குழந்தைகள் திருமுழுக்குச் சடங்கு புதுப்பிக்கப்பட்டது. கேள்விகள் பெற்றோரிடம் கேட்கப்படலாயின. விசுவாசத்தில் வளர்க்கும் கடமை அவர்களுடையது என்று சடங்கிலேயே வந்தது. இது நல்ல சீர்திருத்தம் என்பதில் எனக்கு ஐயமில்லை. தாய் இல்லாமல் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்த வழக்கத்தை யாரும் திரும்பக் கொண்டுவர வேண்டாம். ஆனால் அன்றுமுதல் பாட்டி தீர்த்தத் தொட்டிக்கு அருகிலிருந்து இரண்டாம் வரிசைக்குப் போனாள். போனதை எவரும் கவனிக்கவில்லை. நம் பழைய பதிவேடுகளைப் புரட்டினால் தகப்பன் பெயர், தாய் பெயர், ஞானத்தகப்பன், ஞானத்தாய், குருவானவர் ஒப்பம் எல்லாவற்றுக்கும் கட்டம் இருக்கும். தூக்கி வந்தவளுக்கு அந்தக் காலத்திலும் கட்டம் கிடையாது.

இப்போது தீப்பெட்டிக்கு வருகிறேன். இந்தச் சரித்திரத்தில் கணம் கூடிய பகுதி இதுவே.

சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தொழில் கற்றுத் திரும்பி, 1923-ல் சிவகாசியில் தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கினார்கள். காய்ந்த காற்றும், பொய்த்த மழையும், கூலிக்கு ஏங்கும் கைகளும் உள்ள ஊர்களெல்லாம் அத்தொழிலுக்கு உகந்த ஊர்களாயின. சாத்தூர், கோவில்பட்டி, எட்டயபுரம், கழுகுமலை என்று அது பரவிற்று. கோவில்பட்டியில் நூற்பாலைகளும் இருந்தன. ஆலைத் தொழிலாளிக்குச் சம்பளமும் சங்கமும் சட்டமும் இருந்தன. தீப்பெட்டியில் பெண்களும் சிறு பெண்பிள்ளைகளும் பீஸ் கூலிக்குச் சட்டத்தில் குச்சி அடுக்கினார்கள், பெட்டி ஒட்டினார்கள், குச்சி அடைத்தார்கள், லேபிள் ஒட்டினார்கள். விடியுமுன் கம்பெனி பஸ் கிராமத்துக்கு வந்து நிற்கும். பொழுது சாய்ந்த பிறகு கொண்டுவந்து விடும்.

1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டத்தின் 48-ஆம் பிரிவு, ஐம்பதுக்கு மேல் பெண்கள் வேலை செய்யுமிடத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டுமென்றது. 1976-ல் அது முப்பது பெண்கள் என்று குறைக்கப்பட்டது. சின்னச் சின்னக் கொட்டகைகளாகப் பிரிந்தும், பாதி வேலை வீட்டுத் திண்ணைகளிலும் நடந்த ஒரு தொழிலில் இந்தப் பிரிவு எத்தனை தாய்மாருக்குப் பயன்பட்டது என்பதை நம் வீட்டுப் பெரியவர்களிடமே கேட்டுக்கொள்ளலாம். உண்மையான காப்பகம் பாட்டியின் மடிதான். காலையில் தூங்குகிற பிள்ளையை மடியில் வாங்குகிறவள் இரவில் தூங்குகிற பிள்ளையாகவே தாயிடம் திருப்பித் தருவாள். தாய் முகம் ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் தெரிந்த பிள்ளைகள் உண்டு. ஒரு கையால் தூளிக் கயிற்றை இழுத்துக்கொண்டே மறு கையால் அந்தப் பாட்டி அடிப்பெட்டியும் ஒட்டினாள். தொழிலை அண்டிப் பிழைத்த குடும்பம் என்று நாம் சொல்லுகிறோம். உண்மையில் அந்தத் தொழிலே, கணக்கில் வராத இந்தக் கிழவியை அண்டித்தான் பிழைத்தது. அவள் இல்லாவிட்டால் தாய் பஸ் ஏறியிருக்க முடியாது.

எண்பதுகளில் வெளியுலகம் நம் சீமையைத் திரும்பிப் பார்த்தது. சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டிச் சிறுவர் சிறுமியரின் படங்கள் டில்லிப் பத்திரிகைகளில் வந்தன. வரவேண்டியவைதாம். 1986-ல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்து, தீப்பெட்டி, பட்டாசு வேலைகளில் 14 வயதுக்குட்பட்டவர்களை வைக்கக் கூடாதென்றது. 1996 டிசம்பர் 10-ல் உச்ச நீதிமன்றம், சட்டம் மீறி வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் செலுத்த வேண்டுமென்று தீர்ப்பளித்தது. நம் எழுத்தாளர் பூமணி 'கருவேலம் பூக்கள்' என்ற திரைப்படத்தில் இந்தப் பிள்ளைகளின் கதையையே எடுத்தார். இவையெல்லாம் நாம் அறிந்தவை. ஆனால் 1986 சட்டத்தில் ஒரு வாசல் திறந்தே இருந்தது: குடும்பத்தார் தம் வீட்டில் சேர்ந்து செய்யும் வேலைக்கு அந்தத் தடை இல்லை. ஆகவே கொட்டகையிலிருந்து வெளியேறிய பிள்ளைகள் பலர் எங்கே போய் உட்கார்ந்தார்கள் என்றால், பாட்டியின் பக்கத்தில், திண்ணையில், பசைக் கிண்ணத்தின் முன்னால். இங்குதான் பாட்டியின் மேல் பழி விழுந்தது. "படிக்க வேண்டிய பிள்ளையைக் கிழவி பெட்டி ஒட்ட வைக்கிறாள்" என்று ஆசிரியர் சொன்னார், அதிகாரி சொன்னார், நாங்களும் பிரசங்கத்தில் சொன்னோம்.

அந்தப் பழியில் நியாயமே இல்லை என்று நான் எழுதமாட்டேன். பிள்ளையின் விரலைத் தேய்த்து வந்த கூலியில் பாட்டிக்கு வெற்றிலை வாங்கிய வீடுகளும் இருந்தன. ஆயினும் ஒரு குரோசு பெட்டிக்கு என்ன விலை என்று தீர்மானித்தவள் அவள் அல்ல. மழை பொய்த்த ஆண்டில் கடன்காரனுக்கு வாசற்படியில் நின்று பதில் சொன்னவளோ அவள்தான்.

ஏறக்குறைய அதே ஆண்டுகளில் வேறு திசையிலிருந்தும் அவள்மேல் கண்டனம் வந்தது. குடும்பக் கட்டுப்பாட்டுப் பிரசாரம் வீதிச் சுவர்களையெல்லாம் நிறைத்த காலம் உங்களில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். சிவப்பு முக்கோணத்தோடு நான்கு முகங்கள்: தகப்பன், தாய், ஒரு பையன், ஒரு பெண். 'நாம் இருவர், நமக்கு இருவர்.' அந்தச் சுவரில் ஐந்தாவது முகத்துக்கு இடமில்லை. பிள்ளைகளைப் பற்றி அந்தப் படம் சொன்னதைத்தான் எல்லோரும் விவாதித்தோம். பெரியவர்களைப் பற்றி அது சொல்லாமற் சொன்னதை விவாதிக்க மறந்தோம். தனிக்குடித்தனம் என்பது அதுவரையில் மாமியார் மருமகள் சண்டையின் முடிவாக இருந்தது. அந்த ஆண்டுகளில் அது நாகரிகத்தின் அடையாளமாயிற்று.

பிறகு சுகாதாரம். 1975-ல் மத்திய அரசின் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. 1980-ல் உலக வங்கி உதவியோடு தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் நம் தென்மாவட்டங்களிலும் வந்து, பிள்ளைகளை மாதந்தோறும் எடை போட்டது. அங்கு வேலை பார்த்த பெண்களுக்குப் பாட்டிமாரோடு ஓயாத யுத்தம். சீம்பாலைப் பீய்ச்சிக் கீழே விடாதே, சேனை வைக்காதே, மூக்கில் ஊதாதே, விளக்கெண்ணெய் புகட்டாதே என்பார்கள். சீம்பால் விஷயத்தில் டாக்டர்களே சரி. அதைக் கொட்டியதால் நாம் இழந்த பிள்ளைகள் எத்தனையோ. ஆனால் இதே பாட்டி, டப்பாப் பால் மாவைக் கண்டபோது "தாய்ப்பால் இருக்க இது எதற்கு?" என்று கேட்டாள். அதற்கும் அவளைப் பட்டிக்காடு என்றார்கள். 1992-ல் பால் மாவு, புட்டி விளம்பரங்களைத் தடுத்துச் சட்டம் வந்தபோது, அவள் சொன்னதைத்தான் பாராளுமன்றம் சொல்லிற்று. யாரும் அவளிடம் வந்து அதைத் தெரிவித்ததாக எனக்குத் தெரியவில்லை.

சத்துணவின் கதை இதைவிட மகிழ்ச்சியானது. காமராசர் ஐம்பதுகளில் நம் எட்டயபுரத்தில் தொடங்கி வைத்த பள்ளி மதிய உணவு வேரூன்றி, 1982 ஜூலை 1-ல் எம்.ஜி.ஆர். காலத்துச் சத்துணவுத் திட்டமாக இரண்டு வயதுப் பிள்ளை வரைக்கும் விரிந்தது. 1983 ஜனவரியில் முதியோர் ஓய்வூதியம் பெறுபவர்களும் அந்த உணவில் சேர்க்கப்பட்டார்கள். பேரனைக் கூட்டிக்கொண்டு மையத்துக்குப் போன கிழவியும் தட்டேந்தி உண்ண அரசே வழி செய்தது. பாட்டியையும் பேரனையும் ஒரே கணக்கில் வைத்துப் பார்த்த திட்டம் அதற்கு முன் இருந்ததாக நான் அறியேன்.

ஆங்கிலப் பள்ளிகள் பெருகிய தொண்ணூறுகளில் பாட்டிக்கு இன்னொரு இறக்கம். அவளால் வீட்டுப்பாடம் சொல்லிக் கொடுக்க முடியாது. டைரியில் கையெழுத்திட முடியாது. "பாட்டியிடம் வளர்ந்தால் செல்லம் கொடுத்துக் கெடுத்துவிடுவாள்" என்ற பேச்சு கோயில் வாசலிலும் கேட்டது. பிள்ளை வளர்க்க வேண்டாம் என்றாகிவிட்ட கிழவிக்கு வீட்டில் வேறென்ன வேலை? இதன் இருண்ட முனையையும் சொல்லாமல் விடுவது யோக்கியமாகாது. 2010-ல் நமக்கு அண்டை மாவட்டமான விருதுநகரிலிருந்து 'தலைக்கூத்தல்' பற்றிய செய்திகள் வெளிவந்தன: படுக்கையில் கிடந்த முதியவர்களை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இளநீர் புகட்டி, சாவுக்கு அனுப்பிய வழக்கம். நாட்டார் வழக்கம் என்று அதற்கு மென்மையான பெயர் சூட்டியவர்களும் உண்டு. கொலையைக் கொலை என்றே சொல்ல வேண்டும். முந்திய 2007-ஆம் ஆண்டிலேயே பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் நிறைவேறியிருந்தது. அதில் 'பிள்ளைகள்' என்ற சொல்லுக்குள் வயது வந்த பேரனும் பேத்தியும் அடங்குவர். பாட்டிக்குச் சோறு போட வேண்டியவன் என்று பேரனைச் சட்டம் சுட்டிக்காட்ட வேண்டிய காலம் வந்துவிட்டது.

இதற்கிடையில் காற்று மாறிக்கொண்டிருந்தது. நம் பிள்ளைகள் திருப்பூருக்கும் சென்னைக்கும் பெங்களூருக்கும் வளைகுடாவுக்கும் போனார்கள். கணவன் மனைவி இருவரும் சம்பாதித்தால்தான் வாடகை கட்ட முடியும். தமிழ்நாட்டில் ஒரு தாய்க்குச் சராசரியாக 1971-ல் 3.9 பிள்ளைகள், 2020-ல் 1.4. பேரப்பிள்ளைகள் குறைந்தார்கள், பாட்டிமார் அதிக நாள் இருந்தார்கள், காப்பகத்துக்குக் கட்டணம் ஏறிற்று. திடீரென்று பாட்டி வேண்டியவளானாள். ஊரில் தனியாக இருந்தவளைச் சென்னைக்கு அழைத்துப் போனார்கள். அல்லது பிள்ளையை ஊருக்குக் கொண்டுவந்து விட்டுப் போனார்கள்.

உலகெங்கும் இதே காற்றுத்தான். இங்கிலாந்தில் 2011 ஏப்ரல் முதல், பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும், ஓய்வு வயதை எட்டாத பாட்டிக்கு அந்த ஆண்டுகள் அவளுடைய ஓய்வூதியக் கணக்கில் சேர்கின்றன. சுவீடனில் 2024 ஜூலை 1 முதல், பெற்றோர் தமக்குரிய சம்பளத்தோடு கூடிய குழந்தைப் பராமரிப்பு நாள்களில் 45 வரை பாட்டிக்கோ தாத்தாவுக்கோ மாற்றிக் கொடுக்கலாம். இலங்கையிலோ மாறான பாதை. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையுள்ள தாய் வீட்டு வேலைக்கு வெளிநாடு போகலாகாதென்று 2013-ல் விதி வந்தது. மூத்த பிள்ளைகளை உடையவளும் பிள்ளையை யார் பார்ப்பார் என்று எழுத்தில் காட்ட வேண்டும். 2022-ல் அந்த ஐந்து வயது இரண்டாகக் குறைக்கப்பட்டது. அந்த எழுத்தில் பாட்டியின் பெயர்தான் பெரும்பாலும் இருக்கும் என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பிள்ளை மடுவத்தில் கூலி பெற்றவளின் பேத்திக்கு இப்போது காகிதத்தில் பொறுப்பு மட்டும் உண்டு, கூலி கிடையாது.

நம் நாட்டில் கொள்ளைநோய்க் காலம் கண்ணைத் திறந்தது. 2020-ல் முதியோரைத் தனியே வையுங்கள் என்றார்கள். ஓர் அறை வீட்டில் பேரனைப் பாட்டியிடமிருந்து எங்கே பிரிப்பது? 2021-ல் தாயையும் தகப்பனையும் ஒருசேர இழந்த பிள்ளைகளுக்குத் தமிழக அரசு 5 லட்ச ரூபாய் வைப்புத்தொகை அறிவித்தபோது, அவர்களை வளர்க்கும் உறவினருக்கு 18 வயது வரை மாதம் 3,000 ரூபாய் என்றும் அறிவித்தது. வளர்ப்பதற்குச் செலவு உண்டு என்பதை அரசு ஒப்புக்கொண்ட நாள் அது. 2022 ஜூன் 9-ல் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. அகமதாபாத்தில் பெற்றோர் இருவரையும் நோய்க்குப் பறிகொடுத்த ஐந்து வயதுப் பையன் யாரிடம் வளர்வது? குஜராத் உயர் நீதிமன்றம், வயதில் இளையவள், உத்தியோகம் உள்ளவள் என்று தாயின் சகோதரியிடம் கொடுத்திருந்தது. உச்ச நீதிமன்றம் அதை மாற்றி, தந்தை வழித் தாத்தா பாட்டியிடமே ஒப்படைத்தது. வயதும் வருமானமும் மட்டுமே அளவுகோல் ஆகா, பேரப்பிள்ளையிடம் தாத்தா பாட்டிக்கு உள்ள பற்று அதிகம் என்பது அதன் கருத்து. முப்பது ஆண்டுகளுக்கு முன் 'செல்லம் கொடுத்துக் கெடுப்பாள்' என்று தள்ளப்பட்ட அதே பற்றுதான் இது. திருச்சபையிலும், தம் பாட்டி ரோசாவிடம் விசுவாசம் கற்றதாகப் பலமுறை சொல்லிய திருத்தந்தை பிரான்சிஸ், புனித சுவக்கீன், அன்னம்மாள் திருநாளையொட்டி ஜூலை மாதத்து நான்காம் ஞாயிறை தாத்தா பாட்டியருக்கும் முதியோருக்குமான உலக நாளாக 2021-ல் ஏற்படுத்தினார்.

ஆக, பாட்டி மீண்டும் முன்வரிசைக்கு வந்துவிட்டாள். இங்கேதான் என் கவலை. அந்த ஞாயிறன்று மாலை போட்டுச் சால்வை போர்த்திப் படம் எடுத்துக்கொள்கிறோம். திங்கட்கிழமை விடிந்ததும் காலை நான்கரைக்கு எழுந்து, பேரனுக்கும் பேத்திக்கும் வெந்நீர் வைத்து, டிபன் கட்டி, வேன் வரும் சந்திப்பு வரை பையைச் சுமப்பவள் அறுபத்தெட்டு வயதுக்காரி. முழங்கால் தேய்ந்தவள், சர்க்கரை உள்ளவள். வேப்பமரத்தடியில் அவளுடைய பாட்டிக்கு அக்கம்பக்கத்துப் பத்துப் பேர் துணை. இவளுக்கு ஒரு செல்போன். அரசுப் பள்ளிகளில் 2022-ல் தொடங்கிய காலை உணவு எத்தனை கிழவிகளின் விடிகாலையைச் சற்றே இலகுவாக்கியது என்பதை அவர்களே என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். தாத்தாமார் இக்காலத்தில் முன்னைவிட அதிகம் செய்கிறார்கள் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்; ஸ்கூட்டரில் இரண்டு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பள்ளி வாசலில் நிற்கும் தாத்தா, ஆட்டுக்குப் பின்னால் போன தாத்தாவின் நேர் வாரிசு. "முடியவில்லை" என்று அவள் சொல்ல முடியாது. சொன்னால் பேரனிடம் பாசமில்லாதவள் ஆகிவிடுவாள். முன்பு பழித்து அவளை ஒதுக்கினோம். இப்போது புகழ்ந்து அவள் வாயை அடைக்கிறோம்.

இன்னொன்று. வளர்க்கும் பொறுப்பு அவளுக்கு உண்டு, அதிகாரம் இல்லை. நம் பங்கைச் சேர்ந்த ஒரு தாய், பெயர் வேண்டாம், மகள் இறந்தபின் மருமகனும் வேறு ஊர் போய்விட்ட நிலையில் பேத்தியை வளர்க்கிறார். சான்றிதழ் ஒன்றுக்காக மூன்று முறை ஓர் அலுவலகத்துக்கு நடந்தார். ஒவ்வொரு முறையும் "பெற்றோர் கையெழுத்து வேண்டும்" என்ற பதில்தான். 1890-ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டப்படி நீதிமன்றத்துக்குப் போய்க் காப்பாளர் ஆணை வாங்கினால் ஒழிய அவர் அந்தப் பிள்ளைக்குச் சட்டத்தின் முன் யாருமில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் இரவெல்லாம் விழித்திருப்பவருக்கு, ஆஸ்பத்திரிப் படிவத்தில் ஒப்பமிடும் தகுதி சந்தேகத்துக்குரியது. கோர்ட்டுக்குப் போக அவருக்கு வழி தெரியாது, வண்டிச் செலவும் கிடையாது.

இது தெரிந்திருந்தும் பலர் ஒரு விஷயத்தை அறியாதிருக்கிறார்கள். மத்திய அரசின் வாத்சல்யா திட்டத்தில், பெற்றோரை இழந்து உறவினர் பராமரிப்பில் இருக்கும் பிள்ளைகளுக்கு மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவுக்கு 2022 முதல் வழி இருக்கிறது. குடும்ப வருமான வரம்பு உண்டு. 2025 செப்டம்பரில் தமிழக அரசு 'அன்புக் கரங்கள்' என்ற பெயரில் மாதம் 2,000 ரூபாய்த் திட்டம் ஒன்றையும் தொடங்கியது. இவற்றுக்கெல்லாம் தூத்துக்குடியில் உள்ள மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகை அணுக வேண்டும். கோவில்பட்டியிலிருந்து அங்கே போய்வர ஒரு நாள் ஆகும். அந்த ஒரு நாள் பிள்ளையை யார் பார்ப்பது என்பதே பாட்டியின் முதற்கேள்வி. மாதர் சங்கத்தார் முறை வைத்துக்கொண்டு அந்த ஒரு நாளைப் பார்த்துக்கொள்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். இளைஞர் மன்றத்தில் இருவர் படிவம் நிரப்பித் தர முன்வந்திருக்கிறார்கள். இறப்புச் சான்று, பள்ளிச் சான்று, ரேஷன் அட்டை நகல் ஆகியவற்றை எடுத்துக்கொண்டு செவ்வாய்க்கிழமை மாலை ஜெபமாலைக்குப் பின் பங்கு இல்லத்துக்கு வரலாம்.

இந்த ஆண்டு மறைக்கல்வி வகுப்புக்கான புதிய பதிவேட்டை அச்சிடக் கொடுத்தபோது, தகப்பன் பெயர், தாய் பெயர் என்ற கட்டங்களுக்கு அடுத்து 'வீட்டில் வளர்ப்பவர்' என்று ஒரு கட்டம் சேர்க்கச் சொன்னேன். அச்சகத்தார், தாள் அகலம் போதாது என்றார்கள். எழுத்தைச் சற்றுச் சிறிதாக்கிப் போட்டிருக்கிறார்கள்.